மூடி இல்லாத பலகை

மடியில் நிற்கமாட்டேன் என்று டேப் மறுபடியும் மல்லாந்து விழுந்தது. விழட்டும். மயிலாத்தாள் அதை நிமிர்த்தி, பின்பக்கம் முட்டுக்கொடுக்கிற அட்டையை இன்னும் கொஞ்சம் அகட்டி, தொடையை இறுக்கி வைத்துக்கொண்டு எழுத்து அடிக்கிற கட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். சீலை வழுக்கியது, முட்டு நழுவியது, பலகை மறுபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டது. இதுக்கு மேசை வேணுமாக்கும், தொரைக்கு. கல்லு மாதிரி தரை இருந்தால்தான் நிற்பாராம், சீலை கட்டின மடியில் நிற்கமாட்டாராம். பழைய லேப்டாப் எத்தனை கனமாக இருந்தாலும், எத்தனை இரைந்தாலும், சோறு தின்ற பூனை மாதிரி சூடாக மடியில் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில், காரில், எண்ணெய் படிந்த நிட்டிங் ஷெட்டுத் தரையில் பனியன் துணி மூட்டை மேல் உட்கார்ந்து, எங்கே வேண்டுமானாலும் அதை விரித்திருக்கிறாள். இந்த டேப் என்னடாவென்றால் தாம்பாளம் மாதிரி மெல்லிசு, சத்தமே கிடையாது, சூடும் கிடையாது, உயிர் இருக்கிறதா இல்லையா என்று மூக்கில் கை வைத்துத்தான் பார்க்கவேண்டும். மெஷின்களை விற்கப்போகிற அர்த்தநாரி அண்ணன் ஆபீஸ் சோபாவோ ஆளை இடுப்பு வரைக்கும் விழுங்குகிற சோபா. பூசை முடித்து அண்ணன் வந்ததும் கூப்பிடுவார்கள். அதற்குள் இதைப் பழக்கியாக வேண்டும். எதிர் சோபாவில் குமரேசன் லேப்டாப்பை விரித்து, மூடியைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அதற்கு மேலே கண்ணை மட்டும் தூக்கி இவளைப் பார்த்தான். இந்தத் திருப்பூரில் பழைய நிட்டிங் மெஷின் எங்கே விலைக்கு வந்தாலும் அங்கே வாசனை பிடித்து வந்து நிற்கிற இன்னொரு புரோக்கர் அவன். "ஏனுங்க்கா, பேரனோடதைப் புடுங்கிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்றான். "ஆமா குமரேசு, உனக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்டலாம்னு எடுத்தாந்தேன். அழுவாம உக்காந்திருப்பியல்லொ?" என்றாள் இவள். சிரித்துவிட்டு மூடிக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டான், ஆமை மாதிரி. சிரிடா சிரி. உனக்கு மூடி இருக்குது, நீ சிரிப்பாய்.

மூடி. அதுதான் இப்போது உறுத்துகிறது, முட்டோ மடியோ அல்ல, அவளுக்கே தெரியும். ஆனால் அதை நினைக்கப்போனால் அதற்கு முன்னால் சுதாகர் வந்து நிற்கிறான், பெற்ற மகன், கையில் பெட்டியோடு, முகத்தில் ஒரு தர்மகர்த்தாச் சிரிப்போடு. "அம்மா, இனி உனக்கு இது போதும்மா. பாட்டு கேளு, படம் பாரு, எழுதணும்னா எழுதிக்க, கட்டை கூட வாங்கியாந்திருக்கறேன் பாரு." போதும் என்றால் என்ன அர்த்தம்? லேப்டாப்பை அவன் ஏற்கெனவே தன் பையில் போட்டிருந்தான். மெஷின் படங்கள், பார்ட்டிகள் விவரம், எந்தக் கம்பெனியில் எந்த மெஷின் எந்த நிலையில் நிற்கிறது என்பது எல்லாம் அதற்குள். சோறு போட்டுவிட்டு இலையை இழுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. "ஏன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" "இல்லம்மா, இனி நானே போறேன் பேச. நீ போனா சண்டையாயிருது. பார்ட்டிங்க எல்லாம் எங்கிட்டயே சொல்றாங்க, உங்கம்மா வாயத் தொறந்தா பக்கத்து ஷெட்டு வரைக்கும் கேக்குதுன்னு." கேட்கட்டுமே. அந்த வாயில் வந்த சோறுதானேடா நீ தின்றது. நான் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிக்குப் போன பிள்ளை, ஓவர்லாக்கில் தைத்த பிள்ளை, கட்டினவன் ஓடிப்போன மறுநாளே நின்றுபோன மெஷின் ஒன்றை இரண்டு கம்பெனிக்கு நடுவில் பேசி முடித்து உன் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினவள். வாய் தவிர என்ன இருந்தது என்னிடம்? அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. வந்தே விட்டது. "அர்த்தநாரி அண்ணன் ஷெட்டு மெஷினை இந்தப் பலகைய வெச்சே நான் பேசி முடிக்கறேன்டா. முடியல, நாளைக்கே ஆபீஸ் சாவிய உன்ற கையில குடுத்துட்டு, இதுலயே சீரியல் போட்டுப் பாத்துட்டு ஊட்ல கெடக்கறேன்." சரிம்மா என்றான். அந்தச் சரிம்மாவில் சாவிக்கு நீட்டின கை தெரிந்தது. தொழிலில் வாய்விட்ட விலையைத் திரும்ப எடுக்கமுடியாது, எடுத்தால் அவன் புரோக்கர் இல்லை. பெற்ற மகனிடம் சொன்னாலும் அது வாய்விட்ட விலைதான்.

இன்னொன்று. பெட்டியைப் பிரித்து அவனே எல்லாம் சரிசெய்து கொடுத்தான் அல்லவா, மறுநாள் இவள் விரல் வைத்தால் பூட்டுத் திறக்கமாட்டேன் என்கிறது. இவள் விரலுக்கு நடுங்குகிறது, திறப்பதில்லை. அவன் சும்மா பேச்சுவாக்கில் கட்டைவிரலை வைத்தான், படக்கென்று திறந்தது. "அவசரத்துக்கு என்ற வெரலயும் பதிஞ்சு வெச்சேன்மா" என்றான். எனக்கு வாங்கின பலகை, எனக்குத் திறக்காது, உனக்குத் திறக்கும். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு நின்று கத்தினாள், அவன் ரேகையை அழித்து எண் பூட்டு வைக்கும் வரைக்கும் கத்தினாள். ஆனாலும் விரல் விஷயத்தில் பலகை சொன்னது பொய்யில்லை. வலது ஆள்காட்டி விரல் நுனி அவளுடையது இல்லை. ஓவர்லாக் ஊசி நகத்தில் இறங்கி அந்தப் பக்கமாக வந்த விரல் அது. லைன் நிற்கக்கூடாது என்று மேஸ்திரி விரலிலிருந்து ஊசியைப் பிடுங்கிவிட்டு, "துணியில ரத்தம் படாமப் பாத்துக்க" என்று சொன்ன விரல். அப்போது அவள் ஏறிட்டுப் பார்த்த பார்வைக்கே மறுவாரம் வேலை போயிற்று. ஆறினபிறகு நுனி கொம்பு மாதிரி காய்த்து, ரேகை அழிந்து, சுடுவது குளிர்வது தெரியாது. மனுசன் விரலென்று கண்ணாடிக்கே தெரியவில்லை. தொட்டால் தொட்டது தெரிவதில்லை, அழுத்தினால் வேறு ஏதோ விரிகிறது. அதனால் நடுவிரலால் தொடுகிறாள், ஊரில் யாரையோ வைகிற மாதிரி. வைதால் வைததுதான். தொடுகிற பழக்கம் வருவதற்குள் கை மவுஸைத் தேடி வலது பக்கம் போய்ச் சோபாத் துணியைத் தடவிவிட்டு வெட்கப்பட்டுத் திரும்புகிறது. கண்ணாடியைத் தொடவேண்டிய இடத்தில் கட்டையைத் தட்டுகிறது, கட்டையைத் தட்டவேண்டிய இடத்தில் கண்ணாடியைக் குத்துகிறது. கட்டையில் எழுத்துகளோ குழந்தைப் பல் மாதிரி நெருக்கம். 'சிலிண்டர் தேய்மானம்' என்று அடித்தால் தானாக ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து 'சிலிண்டர் தேவாரம்' என்று போட்டுத் தருகிறது. பாடு. நீயும் பாடு.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, காலையில் அண்ணன் ஷெட்டுக்குள் நடந்தபோது இது காட்டின வித்தையை அந்த லேப்டாப் ஏழு பிறவி எடுத்தாலும் காட்டாது. கட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, பலகையை மட்டும் ஒரு கையில் தாங்கிக்கொண்டு நடந்தாள். நின்றுபோன ஷெட்டுக்கு ஒரு வாசனை உண்டு, எண்ணெயும் பஞ்சுத் தூசியும் ஆறிப்போன இரும்பும். மெஷின்கள் நூல் அறுந்த வாயோடு வரிசையாக நின்றன. குமரேசன் லேப்டாப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கத்திலேயே தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டான். இவள் குனிந்தாள், படம். மண்டியிட்டாள், படம். சிலிண்டரில் ஊசிப்பள்ளம் எங்கே அரித்திருக்கிறது, எந்த மெஷின் அடியில் எண்ணெய் கசிந்து தரை கறுத்திருக்கிறது, பிடித்த படத்தின் மேலேயே அங்கேயே நின்று நடுவிரலால் சிவப்பில் வட்டம் போட்டாள். நல்லதாக நின்ற மெஷினுக்குப் பச்சை வட்டம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் கடைசி விலையைக் கையாலேயே கிறுக்கினாள், கட்டையும் வேண்டாம், தேவாரமும் வேண்டாம். இதற்கு மேல் ஒரு பைசா போனால் தனக்கு ஒன்றும் நிற்காது என்கிற விலை. அப்போதுதான் தூணோரம் கலாமணி நிற்பதைப் பார்த்தாள். அர்த்தநாரி அண்ணனின் செத்துப்போன தம்பி சம்சாரம். ஷெட்டில் பாதி அவள் பெயரில். பாதி அவள் பெயரில் இருந்தும் அவளிடம் எதையும் யாரும் பேச்சுக்குக் கூடக் கேட்பதில்லை, காகிதத்தில் கையெழுத்து வேண்டும்போது கூப்பிடுவார்கள். "அதென்னங்க்கா செவப்பா வட்டம்?" என்று எட்டியே நின்று கேட்டாள். "சீக்குங்க அம்மிணி. செவப்பு சீக்கு, பச்சை சொகம்." "எங்களுக்கெல்லாம் ஆரும் சொன்னதில்லீங்க, எதுக்கு எது சீக்குன்னு" என்று சொல்லிவிட்டு அவள் சேலைத் தலைப்பால் மெஷின் தூசியைத் துடைத்தாள், விற்கப்போகிற மெஷினை.

அப்புறம்தான் இடி விழுந்த மாதிரி உறைத்தது. மூடி. கணக்குப்பிள்ளை லோகு மெஷின் விவரத்தைப் பென்டிரைவில் நீட்டியபோது, "அக்கா, இதுல சொருவறதுக்கு ஓட்டையே இல்லீங்களே" என்று பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான் அல்லவா, அப்போதுகூட உறைக்கவில்லை, வாட்சப்பில் அனுப்பு போ என்று சொல்லிவிட்டாள். சோபாவில் உட்கார்ந்து எதிரில் குமரேசன் மூடியைப் பார்த்தபோதுதான். லேப்டாப்புக்கு மூடி உண்டு. மூடிக்கு இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் பார்ட்டி. கடைசி விலையை உன் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, கீழ் விலையிலிருந்து மெல்ல ஏறலாம். பலகையை மேசையில் வைத்தால்? மல்லாந்து படுக்கும். நிமிர்த்தினாலும் எந்த நேரத்தில் படுக்குமென்று தெரியாது. படுத்தால் மேசையைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். கடைசி விலையை அழித்துவிடலாமா? அழித்தால் அத்தனை மெஷினுக்கும் மனசில் நிற்குமா? நின்றுதான் இருந்தது ஒரு காலத்தில். இப்போது நிற்கவில்லை, லேப்டாப் வந்து மனசைச் சோம்பேறி ஆக்கிவிட்டது, அதை யாரிடமும் சொன்னதில்லை. அழிக்கப்போன நடுவிரல் அந்தரத்தில் நின்றது. சாவி. சுதாகரின் சரிம்மா. ஊட்டில் கிடந்து சீரியல் பார்க்கிற மயிலாத்தாள், மருமகள் வந்து சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கத்தை என்று சொல்ல, குறைத்துக்கொண்டு பார்க்கிற மயிலாத்தாள். சீ.

மூடி என்றால் துண்டு. அதுதான் விஷயம், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் அம்மாவோடு மோர்ப்பானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயசில் பார்த்தது. காளைக்கு முன்னால் இரண்டு ஆம்பளைகள் நிற்பார்கள், ஒருத்தன் தோள் துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போடுவான், உள்ளே விரலைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு விரல், இரண்டு விரல், மடக்கு, அழுத்து. வாய் மழையைப் பற்றிப் பேசும், விலையை விரல் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. மாடு கை மாறிவிடும். மெஷின் தொழிலுக்கு வந்தால் இங்கேயும் அதே துண்டு. பனியன் கம்பெனி முதலாளி ஆனபிறகும், கார் வாங்கினபிறகும், அர்த்தநாரி அண்ணன் வயசு ஆட்களுக்குக் கை சந்தைக் கைதான். நல்ல விலை எல்லாம் துண்டுக்குள் போகும். பொம்பளை எவன் துண்டுக்குள் கைவிடுவாள்? விட்டால் மறுநாள் ஊர் சிரிக்கும். அதனால் இவள் வாயைத் திறந்தாள். துண்டுக்கு வெளியே நின்று, விலையைக் கூரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். சண்டைக்காரி என்றார்கள். வாயாடி என்றார்கள். துண்டை மூடிக்கொண்டு திருடுகிறவன் நாகரிகமானவன், திறந்த வாயோடு சொல்கிறவள் சண்டைக்காரி. பிறகு லேப்டாப் வந்தது, மூடி வந்தது, அட, நமக்கும் ஒரு துண்டு கிடைத்ததே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். எதை எத்தனை வருசம் வைதோமோ அதையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குளிர்ந்தோம் பார், அந்தப் பூனைச் சூட்டில். எவ்வளவு சுகமாக இருந்தது. குரலைக்கூடத் தாழ்த்திப் பேசப் பழகினாள். இப்போது அதையும் மகன் பிடுங்கிவிட்டான். பிடுங்கிக்கோ. அந்தரத்தில் நின்ற நடுவிரல் ஒன்றையும் அழிக்காமல் மடங்கி உள்ளே வந்தது.

"அண்ணன் வரச் சொல்றாருங்க" என்று லோகு கதவைத் திறந்தான். உள்ளே நீள மேசை. தலைமாட்டில் அர்த்தநாரி அண்ணன், நெற்றியில் ஈரத் திருநீறு, தோளில் சலவைத் துண்டு. கடைசியில், சுவரை ஒட்டின நாற்காலியில் கலாமணி, கூப்பிட்டால் கையெழுத்துப் போட. "வா மயிலு, உக்காரு. பையன் வருவான்னாங்க, நீயே வந்துட்ட?" "நானே வராம ஆரு வருவாங்கண்ணா, நான் இன்னும் கெட்டியாத்தான் இருக்கறேன்." குமரேசன் மூடியைத் திறந்து நிமிர்த்தினான். ஒரு நிமிசம் எதையோ பார்த்துவிட்டு, நாற்காலியை அண்ணன் பக்கமாக நகர்த்தினான். மழை இந்த வருசம் ஏமாத்திப்போடுமாட்ட இருக்குதுங்கண்ணா என்றான். ஆமா, மேக்கால இடிக்குது, இங்க காணோம் என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே துண்டு தோளிலிருந்து மேசைக்கு இறங்கியது. எத்தனை சந்தையில், எத்தனை ஷெட்டில் பார்த்த இறக்கம். துண்டுக்கடியில் இரண்டு பேர் கையும் போனது, துணி மெல்ல அசைந்தது, எலி புகுந்த மாதிரி. ஒரு விரல். மடக்கு. காது இரண்டும் சூடாகி மயிலாத்தாளுக்கு உள்ளே ஏதோ குமிழியிட்டுக்கொண்டு ஏறியது, பழைய சூடு, ஷெட்டுக்கு ஷெட்டு கேட்கிற சூடு. கத்தப்போகிறாள் என்று குமரேசன் கண் ஓரம் எதிர்பார்த்துச் சிரித்தது. கத்தினால் அவனுக்கு ஜெயம், சண்டைக்காரி மறுபடியும் சண்டை போட்டாள், அவ்வளவுதான். பலகையை மேசைமேல் நிறுத்தினாள். கல்லு மாதிரி மேசை, நின்றது. இந்த ஒரு தடவை ஒழுங்காக நின்றது. எதிரில் இருந்தவர்களுக்கு அதன் முதுகு தெரிந்தது. நல்ல மூடி மாதிரியேதான் நின்றது. அவ்வளவு நேரம் படுத்துப் படுத்து மானத்தை வாங்கியது, இப்போது நிற்கிறது பார். உள்ளுக்குள் ஒரு குரல், வை, இப்படியே வை, கீழிருந்து ஏறு, சாவி தப்பும் என்றது. நேற்றைக்கு என்றால் அந்தக் குரலைக் கேட்டிருப்பாள்.

கட்டையைப் பிடித்து இழுத்தாள். காந்தம் டக்கென்று விட்டது. பலகையைப் படுக்கப்போட்டு, மேசையின் வழுவழுப்பில் அப்படியே ஒரு தள்ளுத் தள்ளினாள், இலை போட்டுத் தள்ளுகிற மாதிரி. நடுமேசையில் போய் மல்லாந்து நின்றது. அர்த்தநாரி அண்ணனின் மெஷின், சிவப்பு வட்டம், மூலையில் கிறுக்கின கடைசி விலை. "பாத்துக்குங்கண்ணா. சீக்கு எங்கிருக்குதுன்னும் போட்டிருக்குது, சொகம் எங்கிருக்குதுன்னும் போட்டிருக்குது. மூலையில இருக்கறது என்ற கடைசி வெல. மேல ஏறாது, கீழயும் எறங்காது." சொல்லிவிட்டாள், வாய்விட்ட விலை. குமரேசன், "என்னக்கா, துணியத் தொறந்து போட்டுட்டு யாவாரம் பண்றீங்க?" என்றான். "மூடிட்டுப் பண்றவனுக்குத்தான்டா பயம்" என்றாள், குரல் உயராமலே. அப்போது பார்த்துப் பலகை நடுங்கியது, விலைக்கு மேலே சுதாகர் பெயர் வந்து மறைத்தது, பச்சையும் சிவப்பும் மின்னியது. கூப்பிடுகிறான், முடிந்ததாம்மா என்று கேட்கத்தான். எட்டி, காய்த்துப்போன விரலால் தள்ளினாள், போகவில்லை. நடுவிரலால் தள்ளினாள், மகன் போனான். விலை திரும்பவும் வந்தது. துண்டு அசையாமல் நின்றிருந்தது.

நாற்காலி நகர்கிற சத்தம் சுவர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கலாமணி எழுந்து வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, பலகையின் மேல் குனிந்தாள். அவள் விரலை வைத்து அகட்டியதும் கண்ணாடி உடனே கேட்டது, வட்டம் பெரிதாகியது. இன்னும் குனிந்தாள். காலையிலிருந்து மயிலாத்தாள் குத்தின குத்தெல்லாம், எண்ணெயும் வேர்வையும், கண்ணாடியில் மங்கலாகப் படிந்திருந்தது. "ஒரே கைரேகையா இருக்குது, வெல செரியாத் தெரியல" என்றாள் கலாமணி, யாரிடமும் இல்லாமல். பிறகு தலையைத் தூக்கி, "மாமா, அந்தத் துண்டக் குடுங்க" என்றாள். அண்ணன் அவளைப் பார்த்தார். கொடுக்கவில்லை. அவள் கையை நீட்டித் தானே எடுத்துக்கொண்டாள். சலவைத் துண்டால் கண்ணாடியை அழுத்தி ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் நிதானமாகத் துடைத்துக்கொண்டே, அடுத்த மெஷினைக் காட்டுங்க்கா என்றாள். மேசைமேல் ஃபேன் காற்றில், குமரேசனின் இரண்டு விரலைப் பிடித்தபடியே இருந்தது அர்த்தநாரி அண்ணனின் கை, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.